ஒட்டி வெந்த இரண்டு பாண்

எனக்குக் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது. திருகோணமலைப் பட்டினத்தில் எங்கள் பேக்கரிக்கு வந்து போகிறவர்களுக்கெல்லாம் இது தெரியும். மஹ்ரூப் முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் பாண் சின்னதாகிப் போச்சு என்று மட்டும் அவரிடம் வாய் திறந்துவிடாதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிவைப்பார்கள். இந்தக் கோபத்தால் நான் குழப்பிய காரியங்கள் கொஞ்சமல்ல. அவற்றில் ஒன்று சின்னராசாவின் காரியம். அவன் போய் ஒரு வருடமாகிறது. அவனைப் பற்றி எழுத அவனுடைய சபையில் எத்தனையோ படித்தவர்கள் இருக்கிறார்கள், ஒருவரும் எழுதவில்லை. சரி, போறணைக்கு முன்னால் அவனோடு வியர்வை சிந்திய முஸ்லிம் நான் எழுதுகிறேன்.

போறணை என்றால் பாண் வேகிற பெரிய செங்கல் அடுப்பு. அதன் வாயருகே இருபத்துநாலு வருடம் நின்றவன் சின்னராசா. பிறந்தது சாம்பல்தீவில். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம், மீசை அரும்பிய வயதில், துறைமுகத்தில் வெள்ளைக்காரனின் கடற்படைக் குசினியில் வேலைக்குச் சேர்ந்தான். கப்பல் கப்பலாகப் பாண் சுட்ட குசினி அது. மாவைத் தொட்டுப் பார்த்தே அது இன்னும் எவ்வளவு நேரம் பொங்க வேண்டும் என்று சொல்ல அங்கேதான் பழகினான். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, ஒருநாள் காலையில் இவன் வேலைக்குப் போனபோது துறைமுகத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்ததாம்.

"தண்ணி நித்திரை கொண்டுகொண்டு இருந்தது மஹ்ரூப். நான் சத்தம் போடாம நடந்தனான், எழும்பிவிடும் எண்டு," என்பான்.

"உனக்கு வேலை போனதுக்குக் கவலையே இல்லையா?" என்று கேட்டேன்.

"கவலைப்பட மறந்துபோனன்," என்றான். இப்படியான மனிதனோடு எப்படி வாழ்வது, சொல்லுங்கள்!

அங்கிருந்து நேரே எங்கள் கடைக்கு வந்தான். வாப்பா உருட்டிய மாவைக் கையில் கொடுத்துப் பார்த்தார். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஏதோ வேதக்கோயில் பாட்டை மூக்காலே முனகிக்கொண்டு நின்றான். "இவன் மாவோட கதைக்கிறான்டா. வெச்சுக்குவம்," என்றார் வாப்பா. அன்றிலிருந்து அவன் எங்களவன்.

பகலிலும் கனவு காண்கிறவன் அவன். அந்தக் கனவு என்னையும் தொற்றிக்கொள்ளும், அதுதான் கொடுமை. சனிக்கிழமைப் பின்னேரங்களில், வியாபாரப் பாண் எல்லாம் வெந்து முடிந்து போறணையில் மிச்சச் சூடு மட்டும் இருக்கும் நேரம், கூரையின் கண்ணாடி ஓட்டு வழியாக ஒரு துண்டு வெயில் உள்ளே இறங்கும். மாத்தூள் அந்த வெயிலில் மிதக்கும். அவன் முனகிக்கொண்டே மாப் பிசைவான். நான் மா மூட்டையில் சாய்ந்துகொண்டு, கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாமல் கிடப்பேன். துறைமுகத்தில் ஏதாவது கப்பல் ஊதினால் அது எங்கோ வேறு உலகத்தில் ஊதுவதுபோல் கேட்கும். அந்த நேரத்தில் மட்டும் எனக்குக் கோபமே வராது. நிஸாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப சின்னராசாவை நம்மட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்க," என்றாள் என் மனைவி.

மாதத்தின் முதல் ஞாயிறு, சின்னராசாவின் சபையான மெதடிஸ்தக்காரருக்குத் திருவிருந்து. ஒரு பாணைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஆளுக்கொரு துண்டு எடுத்துச் சாப்பிட்டு, ஒரு மிடறு முந்திரிகைச் சாறு, திராட்சைதான், குடிப்பார்கள். அந்தப் பாண் வாப்பா காலத்திலிருந்தே எங்கள் போறணையில்தான் வேகும். முதல் நாள் சனி பின்னேரம் சின்னராசா அதைச் சுடுவான். ஞாயிறு காலையில் அவனும் மனைவி இராசமலரும் எங்கள் கடையைத் தாண்டி ஒன்றாகக் கோயிலுக்குப் போவார்கள். அவள் வெள்ளைச் சேலை, அவன் தோய்த்து மடித்த வேட்டி. பிள்ளைகள் இல்லை. ஒருவருக்கொருவர் பிள்ளைபோல் இருந்தார்கள். நடக்கும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், ஆனால் இரண்டு பேர் காலும் ஒரே கணக்கில் போகும்.

பிறகு வந்தது அந்தக் கூத்து. எழுபத்திரண்டாம் வருடம் என்று நினைக்கிறேன். வேறு வேறு பெயரில் இருக்கிற கிறிஸ்தவ சபைகள் எல்லாம் சேர்ந்து ஒரே சபையாவதா வேண்டாமா என்று கதை எழும்பியது. சேரவேண்டும் என்று பாதிப் பேர், எங்கள் சபை எங்கள் சபையாகவே இருக்கவேண்டும் என்று மற்றப் பாதி. ஒன்றாகச் சேர்வதைப் பற்றிச் சண்டை பிடித்து, நம் தெருக் கோயிலில் இருந்த ஒன்றும் இரண்டாகிப் போனது! இதைக் கேட்டு நான் ஒருநாள் முழுக்கச் சிரித்தேன்.

"சிரிக்காதீங்க," என்றாள் நிஸா. "நோன்புக்குப் பிறை பாக்கிறதுல நம்மட பள்ளியில நடந்தது மறந்து போச்சா?"

அதோடு என் சிரிப்பு நின்றது.

வெளியே போனவர்களுக்குத் தலைவர் பாக்கியரத்தினம் வாத்தியார். இராசமலரின் ஒரே அண்ணன். தாய் தகப்பன் இல்லாத தங்கையைத் தன் கையால் சோறு ஊட்டி வளர்த்தவர், கலியாணம் கட்டாமலே இருந்துவிட்டவர். நேர்மையான மனிதர், ஆனால் பிடிவாதம் என்றால் மூன்று மாட்டுக்குப் போதுமான பிடிவாதம். உட்காருகிற வாங்குகளைப் பங்கு போட்டார்கள், விளக்குகளைப் பங்கு போட்டார்கள், திருவிருந்துக்கு வைத்திருந்த சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களைக்கூட எண்ணிப் பிரித்தார்கள். போனவர்கள் உப்புவெளியில் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டகையில் ஆராதனை வைத்தார்கள்.

சின்னராசா தெருக் கோயிலிலேயே இருந்தான். "எனக்கு ஞானஸ்நானம் எண்டு தலையில தண்ணி ஊத்தின இடம் மஹ்ரூப், விட்டிட்டுப் போக ஏலாது," என்றான். இராசமலர் உப்புவெளிக்குப் போனாள். அண்ணனைத் தனியே அந்தக் கொட்டகையில் இருத்த அவளுக்கு மனம் வரவில்லை. புருசன் பெண்சாதிக்குள் சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. ஞாயிறு காலையில் ஒன்றாக வருவார்கள். எங்கள் கடையருகே தெரு பிரிகிற முடக்கில் நிற்பார்கள். அவள் அவனுடைய சால்வையைச் சரிசெய்வாள். பிறகு அவன் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். நான் கடைக்குள்ளிருந்து பார்த்து வயிறெரிவேன்.

பிரிந்தபின் வந்த முதல் திருவிருந்துக்கு முன், அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அவனிடம் கேட்டாளாம், "இனி ஒரு பாணில ரெண்டு பேரும் தின்னப்போறேல்ல, என்ன?" அன்றைக்கு அவன் என்னிடம் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. இரண்டு பக்கத்தாரும் தங்களுக்குத் தனித்தனியாகப் பாண் வேண்டும் என்று ஆளனுப்பியிருந்தார்கள்.

"ரெண்டையும் ஒரே மாவில பிசைஞ்சு, ஒட்டி வைக்கப்போறன்," என்றான்.

இங்கே பாணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பாண் எல்லாமே ஒன்றோடொன்று நெருக்கி வைத்துத்தான் போறணைக்குள் போகும். பொங்கி, ஒன்றோடொன்று ஒட்டி வேகும். ஆறியபின் கையால் பிரிப்போம். மேலே முறுகல் இருக்கும், பிரிந்த பக்கம் வெள்ளையாகப் பஞ்சுபோல் இருக்கும். ஊரில் எல்லோர் வீட்டுப் பாணுக்கும் அப்படி ஒரு பக்கம் உண்டு. ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

"எல்லாத்தையும் ஒட்டித்தானே வைக்கிறம். இதுல என்ன புதினம்?" என்றேன்.

"இது ரெண்டும் தனிய. வேற ஒண்டோடயும் ஒட்டாம. எங்கட மேசையில ஒரு பாணை எல்லாருமாத் தின்னவேணும் மஹ்ரூப். அப்பதான் நாங்கள் ஒரு ஆக்கள். அவையள் சண்டை பிடிக்கட்டும். இராசமலரும் நானும் ஒரே பாணில தின்னவேணும். ஒருத்தருக்கும் சொல்லாதே."

"பெண்சாதிக்கு?"

"அவவுக்கும் சொல்ல ஏலாது. அவவுக்கு அண்ணனிட்ட மறைக்கத் தெரியாது. வாத்தியார் அறிஞ்சா அண்டைக்கே வேற பாண்."

அப்படித்தான் தொடங்கியது. ஒவ்வொரு மாதமும் முதல் சனி பின்னேரம், ஒரே மாவில் இரண்டு உருண்டை, ஒன்றை ஒன்று முட்ட வைத்து, போறணையின் ஆழத்தில் தள்ளுவான். வெந்து வெளியே வந்ததும் மேசையில் ஆறவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லி முடியும்வரை தொடமாட்டான். பிறகு இரண்டு கையாலும் மெல்லப் பிரித்து, ஒன்றைத் தெருக் கோயிலுக்கும் ஒன்றை உப்புவெளிக்கும் அனுப்புவான். மறுநாள் அந்த முடக்கில் மனைவியை விட்டுப் பிரிந்து போகும்போது அவன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருக்கும். அவள் முகத்தில் அது இருக்காது. அவளுக்குத்தான் தெரியாதே.

இரண்டு வருடம் இது நடந்தது. அதற்குள் நாட்டில் மாத் தட்டுப்பாடு வந்துவிட்டது. கோதுமை மா கூப்பனுக்குக்கூட ஒழுங்காக வரவில்லை. ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்றது. எங்கள் கடை வாசலில் விடியவே வரிசை நிற்கும், முஸ்லிம், தமிழர், சிங்களவர் எல்லோரும் ஒரே வரிசை. அந்த நாளிலும் திருவிருந்துக்கு மட்டும் ஒரு பிடி மாவை ஒதுக்கி வைப்பேன். சின்னராசாவின் முகத்துக்காக.

எழுபத்துநாலில் ஒரு மாதம், முதல் சனி வந்தபோது அவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். நானே சுடலாம் என்று நினைத்தேன். நான் கெட்டிக்காரன் அல்லவா! அலுமாரிக்குள் வாப்பா காலத்துத் தகர அச்சு இரண்டு இருந்தது. பெரிய உத்தியோகத்தர் வீட்டு விருந்துக்கு மட்டும் எடுப்போம். சாமி காரியம், கொஞ்சம் மாதான் இருக்கிறது, இருக்கிறதைத் திறமாகச் செய்து கொடுப்போம் என்று அந்த அச்சுகளில் இரண்டு பாண் சுட்டேன். நாலு பக்கமும் பொன்னிறமாக, மூலை மூலையாக, ஒரு கீறல் இல்லாமல் வந்தது. நானே சைக்கிளில் கொண்டுபோய் இரண்டு இடத்திலும் கொடுத்தேன். என் கைத்திறமையை மெச்சிக்கொண்டு வந்தேனே தவிர, அவை ஒட்டி வேகவில்லை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. அந்த ஞாயிறு புருசனும் பெண்சாதியும் வேறு வேறு பாணில் தின்றார்கள். சின்னராசா காய்ச்சலோடு எழும்பிக் கோயிலுக்குப் போயிருக்கிறான். துண்டைக் கையில் எடுத்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பிறகுதான் இதைச் சொன்னான், அதுவும் நான் கேட்டபிறகு.

திங்கள் காலை கடையில் நல்ல வரிசை. பாக்கியரத்தினம் வாத்தியார் குடையோடு வந்து முன்னால் நின்றார்.

"மஹ்ரூப், நேற்றையான் பாண் திறம். இனி எங்கட சபைக்கு அந்த மாதிரிப் பாண்தான் வரவேணும். மற்றப் பக்கத்துக்கு வழக்கமானது போகட்டும்," என்றார்.

"அது அச்சுப் பாண், வாத்தியார். எப்பயும் செய்ய ஏலாது," என்றேன் மரியாதையாக.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "சின்னராசா இவ்வளவு காலமும் எங்களுக்குக் கிழிஞ்ச பாணைத்தான் அனுப்பினவர். மச்சான் எண்டு நானும் பேசாம இருந்தனான். ஆண்டவற்ற மேசைக்குக் கிழிசல் வைக்கிறதே?" என்றார்.

கிழிசலா! என் நண்பனின் பாணைக் கிழிசல் என்று என் கடையில் நின்று சொல்வதா! எனக்குக் கண் தெரியவில்லை.

"கிழிசலா? அந்தக் கிழிசலைத் தூக்கிக்கொண்டு மற்றக் கோயிலுக்குப் போய்ப் பாருங்க வாத்தியார்! அதுக்குப் பொருந்துற மற்றப் பக்கம் அங்கதான் இரிக்கும். ரெண்டு வருசமா ரெண்டு கூட்டமும் ஒரே பாணைத்தான் பிச்சித் தின்னுறீங்க! உங்கட தங்கச்சியோட ஒண்டாத் தின்னவேணும் எண்டு அந்த மனிசன் செஞ்ச வேலை!"

வரிசை அப்படியே நின்றது. தெருக் கோயில் நிர்வாகத்துக் கனகசுந்தரமும் அதே வரிசையில் நாலாவது ஆளாக நின்றார். அவரும் கேட்டார், ஊரும் கேட்டது. வாத்தியாருக்கு முகம் வெளிறிவிட்டது. குடையை விரித்துக்கொண்டு வெளியே போனார், மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

"பாண் தருவியளோ, இல்லாட்டிக் கதைச்சுக்கொண்டே நிப்பியளோ?" என்றாள் சல்லிக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மனுசி. அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்று பின்னேரமே இராசமலர் ஒரு பையில் இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு சபையும் அடுத்த மாதம் எங்கள் பாண் வேண்டாம் என்று சொல்லியனுப்பின. சின்னராசா காய்ச்சல் விட்டு வேலைக்கு வந்தான். நான் அவன் காலில் விழாத குறை. அவன் என்னை ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீ பொய் சொல்லேல்லையே மஹ்ரூப்," என்றான்.

பாட்டு முனகுவதை மட்டும் நிறுத்திவிட்டான். போறணைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பாண் கருகும். கருகிய பாணுக்குக்கூட வரிசையில் நின்றவர்கள் ஒருவரோடொருவர் அடிபட்டார்கள் என்பது வேறு கதை. மூன்று கிழமை இப்படிப் போனது. வீட்டில் தனியே படுத்தால் கடல் சத்தம் உள்ளே வந்து கட்டிலைச் சுற்றி நிற்கிறது என்றான். எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சைக்கிளை எடுத்தேன். உப்புவெளி வீதி அந்த மத்தியானத்தில் நித்திரையில் இருந்தது. ஒரு காகமும் கத்தவில்லை. கடல் ஒருபக்கம் மினுங்கிக்கொண்டு கிடந்தது. எவ்வளவு மிதித்தாலும் வீதி என்னோடு கூடவே வந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது. வாத்தியார் வீட்டு முற்றத்தில் இராசமலர் கிணற்றுக் கட்டில் சாய்ந்துகொண்டு நின்றாள். கையில் வெறும் வாளி. வாத்தியார் வீட்டில் இல்லை.

"தங்கச்சி, என்ட வாயாலதான் எல்லாம் வந்தது. என்னை ஏசுங்க. அவனில கோபிக்காதீங்க. அவன் உங்களை ஏமாத்தேல்ல," என்றேன்.

"ஏமாத்தினதுக்கோ நான் வந்தனான்?" என்றாள். என்னை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறவள்; அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "ரெண்டு வருசம், நானா! ஒவ்வொரு மாசமும் அந்தத் துண்டை வாயில வைக்கேக்க, அவர் இல்லாமத் தின்னுறனே எண்டு அழுதனான். விழுங்க ஏலாம அழுதனான். அவர் பக்கத்திலதான் இருந்தவர். ஒருக்காச் சொல்லியிருக்கக்கூடாதே? அவர் மட்டும் சந்தோசமாத் திண்டவர். என்னைத் தனியத் தின்ன விட்டிட்டாரே!"

வாளியைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். சின்னராசா அவளோடு சாப்பிடவேண்டும் என்றுதான் இத்தனையும் செய்தான், அவளோ அத்தனை காலமும் தனியே சாப்பிட்டிருக்கிறாள். இது எனக்கும் தோன்றவில்லை, அந்தக் கனவுக்காரனுக்கும் தோன்றவில்லை. ஆம்பிளைகள் நாங்கள் எவ்வளவு பெரிய மடையர்கள்!

"சொல்லியிருந்தா அண்ணனிட்ட மறைச்சிருப்பீங்களா?" என்று மெல்லக் கேட்டேன்.

கீழே கிடந்த வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். "மறைச்சிருக்க மாட்டன்," என்றாள் கடைசியில். "சொல்லிப்போட்டு, நேர நிண்டிருப்பன்."

நான் திரும்பி வந்து சின்னராசாவிடம் அவள் சொன்னதை ஒரு எழுத்தும் விடாமல் சொன்னேன். அவன் மாவில் ஊன்றிய கையை எடுக்கவே இல்லை. "ஐயோ," என்றான். "அவ அழுததை நான் நினைச்சும் பாக்கேல்ல மஹ்ரூப்." அப்படியே குந்தியிருந்து சின்னப்பிள்ளைபோல் அழுதான்.

மறுநாள் சனி, அந்த மாதத்தின் முதல் சனி. ஒருவரும் பாண் கேட்டு ஆளனுப்பவில்லை. போறணையில் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் துண்டு வழக்கமான இடத்தில் விழுந்து கிடந்தது. நாங்கள் இருவரும் சும்மா இருந்தோம். அப்போது பின்கதவால் இராசமலர் வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் போறணைப் பக்கம் வந்ததே இல்லை. அவன் எழும்பி நின்றான்.

"பாண் போடேல்லையோ?" என்றாள்.

"ஒருத்தரும் கேக்கேல்ல."

"நான் கேக்கிறன். உப்புவெளியில மேசை ஆயத்தம் பண்றது நான். நீங்கள் வழக்கம்போலப் போடுங்கோ. அண்ணனுக்குச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். இந்தப் பாண் இல்லாட்டி நான் மேசை விரிக்கமாட்டன் எண்டு சொன்னனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"குடையைத் தேடினவர்."

அவன் மாப் பிசைந்தான். முனகலும் தொடங்கியது, முதலில் பயந்து பயந்து, பிறகு நன்றாக. வெந்து வந்ததும் அவன் பிரிக்கப் போனான். "நில்லுங்கோ," என்றாள். ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மற்றப் பக்கத்தை அவன் பிடித்தான். இரண்டு பேருமாக இழுத்துப் பிரித்தார்கள். அதிலிருந்து எழும்பிய ஆவியில் அவர்கள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. என் கண்ணிலும் ஏதோ கோளாறு இருந்திருக்கும்.

அடுத்த நாள் நடந்ததை அவளே சொன்னாள். வாத்தியார் தன் துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கன நேரம் இருந்தாராம். கொட்டகை முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். பிறகு வாயில் போட்டாராம். மற்றப் பாணைச் சின்னராசா கொண்டுபோனபோது தெருக் கோயிலில் போதகர் சிரித்தாராம். "எங்களுக்குத் தெரியாமலே நாங்கள் ரெண்டு வருசம் நல்லா இருந்திருக்கிறம்," என்று சொன்னாராம். கனகசுந்தரம் கொஞ்சம் முறைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். இரண்டு சபையும் சேர்ந்துவிட்டன என்று நினைக்காதீர்கள். சேரவில்லை. கொட்டகைக்கு ஓடு போட்டார்கள், தெருக் கோயிலுக்கு வெள்ளை அடித்தார்கள். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை இரண்டு இடத்திலும் ஒரே பாண், எல்லோரும் அறிய. உப்புவெளியில் ஒருவர் வருத்தமாகப் படுத்தால் தெருக் கோயிலிலிருந்து கஞ்சி போகும். இங்கே ஒருவர் மோசம் போனால் அங்கேயிருந்து அடக்கத்தில் பாட வருவார்கள். வாத்தியார் என் கடைக்கு வந்தால் குடையை மடக்கிவிட்டு, "பிரிச்ச பாண் ஒண்டு தாரும் மஹ்ரூப்," என்பார். சும்மா சொல்லக்கூடாது, பெரிய மனிதர்தான்.

இராசமலர் அந்தச் சனியே சேலைப் பையோடு சின்னராசாவிடம் திரும்பிவிட்டாள். ஏழு வருடம் ஒவ்வொரு முதல் சனியும் அவள் பின்கதவால் வந்தாள். நான் மூட்டையில் சாய்ந்து அரை நித்திரையில் கிடப்பேன். அவர்கள் பேசமாட்டார்கள். பாண் பிரியும் சத்தம், மெத்தென்று, அதுதான் கேட்கும். அந்தப் பின்னேரங்கள் எல்லாம் எனக்கு ஒரே பின்னேரமாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

எண்பத்தொன்றில், ஒரு செவ்வாய்க்கிழமை, சின்னராசா போறணையை மூடிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தான். நான் தேத்தண்ணி கொண்டுவந்தபோது இருந்தபடியே போய்விட்டிருந்தான். இரண்டு சபையும் வந்து அடக்கம் செய்தார்கள். இரண்டு சபையும் சேர்ந்து பாடியபோது நான் சேமக்காலை மதிலோடு நின்று கேட்டேன்.

அந்தக் கிழமைச் சனி, முதல் சனி. நான் மாவைப் பிசைந்தேன். ஒரே மாவில், இரண்டு உருண்டை, முட்ட வைத்து. அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். வெள்ளைச் சேலையில், மெலிந்துபோய். பாண் மேசையில் இருந்தது. தன் பக்கத்தைப் பிடித்தாள்.

"மற்றப் பக்கத்தை நீங்கள் பிடியுங்கோ, நானா."

பிடித்தேன். இழுக்க முடியவில்லை. ஊரெல்லாம் அஞ்சுகிற மஹ்ரூப் முதலாளி, ஒரு பாணைப் பிடித்துக்கொண்டு கேவிக்கேவி அழுதேன்.

"இழுங்கோ நானா," என்றாள் அவள். அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். "நாளைக்கு ரெண்டு இடத்திலயும் ஆக்கள் பாத்துக்கொண்டு இருப்பினம்."

இழுத்தேன். பிரிந்தது. தன் பாணைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். மற்றதை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்து, "இது அவர் பிடிக்கிற பக்கம். இனி நீங்கள்தான் கொண்டுபோய்க் குடுக்கவேணும்," என்றாள். நான் சைக்கிளை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு, தெருவில் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று, கோயில்வரை நடந்தே போனேன்.